கேட்டு வரைந்த முகம்

விஷு ஆண்டு, ஐப்பசி மாதம். கரையான்சாவடியில் என் தாயார் காய்ச்சலில் காலமானார். வயது இருபத்தைந்து. புகைப்படம் இல்லை.

அதே மாதம். தாயாரின் தங்கை மேனாம்பேட்டிலிருந்து துக்கத்துக்கு வந்தார். திரும்பிப் போகவில்லை.

சித்திரபானு ஆண்டு, சித்திரை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற சண்டைப் பயத்தில் பட்டணம் காலியாயிற்று. ஸ்டூடியோக்களுக்குப் பின்னணிப் படுதா எழுதிவந்த ஒருவர் காட்டுப்பாக்கத்தில் தம் மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அதே ஆண்டு, ஐப்பசி. முதல் தெவசத்துக்கு முந்தின நாள், அவர் எழுதிய என் தாயாரின் படம் எங்கள் கூடத்தில் திறந்து காட்டப்பட்டது.

அதே ஆண்டு, தை. என் தகப்பனார் என் சித்தியை மணந்தார்.

நடந்தவை இவ்வளவே. இவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. என் வயதை ஒத்த உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த வரிகளுக்கு நடுவில் இருக்கிறது. நம் தலைமுறையில் தாயைச் சிறு வயதில் இழந்தவர்கள் பலர். நம்மிடம் எஞ்சியிருப்பது பெரும்பாலும் சட்டமிட்ட ஒரு முகம். அந்த முகம் எப்படி அங்கே வந்தது என்று நாம் கேட்பதில்லை. நான் மற்றவர்கள் தீட்டிய படங்களைப் பற்றிக் கல்லூரியில் பாடம் சொல்லியே வாழ்நாளைக் கழித்தவன். ஓவியனின் மனத்தில் நினைவும் கனவும் எப்படி வேலை செய்கின்றன என்று பல மொழிகளில் படித்திருக்கிறேன். எங்கள் மாட்டுக் கொட்டகை வாசலில் நான் கண்டதற்கு அருகில் எந்த நூலும் வரவில்லை.

அப்போது எனக்கு வயது ஆறு. எங்களுக்கு மல்லிகைத் தோட்டம் இருந்தது. விடியலில் மொக்குப் பறித்து, ஈரத் துணியில் மூடி, வண்டியில் பட்டணத்துக்கு அனுப்புவோம். பட்டணத்தில் பூ வாங்க ஆளில்லாமல் போன அந்தச் சித்திரையில், பறிக்காத மொக்குகள் செடியிலேயே மலர்ந்து கிடந்தன. மாலை நேரத்தில் வாசனை பாரமாக இறங்கும். சாலையில் ஆவடிப் பக்கம் போகும் பட்டாளத்து லாரிகளின் புகையும் அதில் கலந்திருக்கும். அம்மாவின் துக்கத்துக்கு என்று தனியாக ஒரு மணம் என் நினைவில் இருக்குமானால் அது இந்தக் கலவைதான்.

நான் ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் ஒன்று உண்டு. அம்மாவின் முகம் எனக்கு மறந்துபோயிருந்தது. கை நினைவிருந்தது. குரல் நினைவிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெளிச்சம் மட்டும் இருந்தது.

படம் ஏன் இல்லை என்பதற்குக் காரணம் அத்தை. அப்பாவின் தமக்கை, இளமையில் கணவரை இழந்து எங்களோடு இருந்தவர். அப்பா ஒரு முறை அம்மாவைப் பட்டணத்து ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போக வண்டி பூட்டியபோது, "பிள்ளதாச்சிய படம் புடிச்சா ஆயுசு கொறையும்டா தம்பி" என்று மாட்டை அவிழ்க்கச் சொன்னவர் அவர். அந்தப் பிள்ளையும் தங்கவில்லை. ஆயுளும் தங்கவில்லை.

சித்திக்கு வயது பத்தொன்பது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்த வருடத்தில் அக்காளின் சாவு வந்தது. பள்ளியில் ஒரு வருடம் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். தெவசம் முடிந்ததும் அவர் புறப்படுவதாக ஏற்பாடு. அவருடைய தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியில் கட்டின கயிறு அவிழ்க்கப்படாமலே இருந்தது. வேண்டிய இரண்டு புடவைகளை மட்டும் கொடியில் வைத்து, துவைத்துத் துவைத்துக் கட்டிக்கொண்டார். நான் அந்தக் கயிற்றின் முடிச்சைத் தினமும் தொட்டுப் பார்ப்பேன்.

படுதாக்காரர் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது விளக்குக்குக் கறுப்புப் பூச. இருட்டடிப்புக்காக வண்டி விளக்குகளின் பாதிக் கண்ணாடியைக் கறுப்பாக்கும் வேலைதான் அந்த நாளில் அவருக்குக் கிடைத்தது. வார் இல்லாத பூட்ஸ்களை இழுத்துக்கொண்டு நடப்பார். நாங்கள் நால்வரும் உட்கார்ந்து உண்ணும் கூடத்தில் வெறுஞ்சுவரைப் பார்த்துவிட்டு, "அந்தம்மா படம் இல்லீங்களா?" என்று கேட்டார். அப்பா இல்லை என்றார்.

"நான் வரஞ்சி குடுக்கட்டா?"

"நீ பார்த்தது கூட இல்லியேப்பா."

"நீங்கல்லாம் பார்த்துகீறீங்களே. அது போதும்."

அவர் கிறிஸ்தவர். அத்தை உள்ளிருந்தே குரல் கொடுத்தார்: "சாமிக்குப் பக்கத்துல மாட்டுற படத்த வேதக்காரன் வரையலாமா?"

"மொக்கு பறிக்கிறவங்க ஆருன்னு கேட்டுகினா அக்கா நாம சாமிக்கு மாலை போடறோம்?" என்றார் அப்பா. அதோடு அது முடிந்தது.

மாட்டுக் கொட்டகையில் அவர் வேலை செய்த விதத்தைத்தான் நான் சொல்ல வேண்டும். "ஸ்டூடியோவுல ஆளுக்குப் பின்னாடி கீறதை மட்டும் வரஞ்சவன் நான். தூணு, படிக்கட்டு, அன்னம். அதனால பின்னாடிலேர்ந்துதான் எனக்கு வரும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அம்மா எப்படி இருந்தாள் என்று அவர் கேட்கவே இல்லை. எப்படி நின்றாள் என்று கேட்டார். சொல்ல விடமாட்டார், நின்று காட்டச் சொல்வார்.

கவலை ஓட்டுகிறவர், அதாவது கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைப்பவர், முதல் ஆளாக முன்வந்தார். இடுப்பில் கை வைத்து, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, "ஏம்பா, தண்ணி வாய்க்கால்ல ஓடுதா, ஒன் தலையில ஓடுதா?" என்று அம்மாவின் குரலில் அதட்டினார். மீசையோடு நின்ற அந்த மனிதரில் ஒரு கணம் அம்மா வந்து போனாள். கொட்டகையே சிரித்தது. சாவுக்குப் பின் எங்கள் வீட்டில் எழுந்த முதல் சிரிப்பு அது.

"ஜோரா கீது அண்ணாத்தே. மீசைய மட்டும் நான் எடுத்துடறேன்" என்றார் படுதாக்காரர்.

அப்பா பல நாள் மறுத்தார். ஒரு நாள் தாமாகவே எழுந்து, கொட்டகை வாசற்காலில் தோளைச் சாய்த்து, இல்லாத ஒரு தட்டை இரு கைகளிலும் ஏந்தி நின்றார். அவ்வளவுதான். சோறு ஆறுகிறதே என்ற கோபம், அழைக்கக் கூடாது என்ற பிடிவாதம் இரண்டும் அந்த நிலையில் இருந்தன. என் தகப்பனார் அப்படி நின்றதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. படுதாக்காரர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா தோள சாய்க்க மாட்டா மாமா. முட்டியத்தான் கொஞ்சம் மடிச்சி நிப்பா" என்று சித்தி மட்டும் அடுப்படியிலிருந்து திருத்தினார். அவர் மட்டுமே எல்லோரையும் திருத்திக்கொண்டிருந்தார். அதை வீட்டார் ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

அவர் கேட்டதில் இரண்டாவது, கனவு. விடிந்ததும், முகம் கழுவும் முன் யாருக்காவது அம்மா கனவில் வந்திருந்தால் வந்து சொல்ல வேண்டும். "மூஞ்சி கழுவினா சாயம் போயிடும்" என்பார். காட்டுப்பாக்கத்திலிருந்து அதற்காகவே இருட்டோடு நடந்து வருவார். கேட்டதை எழுதிக்கொள்ள மாட்டார். ஒரு பழைய தகரத்தில், ஒவ்வொரு கனவுக்கும் ஒரு வண்ணத் தீற்றல். அப்பாவின் கனவில் ஈரப் புடவை: கிணற்றுப் பாசியின் பச்சை. கவலைக்காரரின் கனவில் அம்மா அவருக்கு வெல்லம் கொடுத்தாள்: அடர்ந்த பழுப்பு. "வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்துது?" என்பதே அவர் கேட்கும் ஒரே கேள்வி. வியப்பு என்னவென்றால், எல்லோருக்கும் விடை தெரிந்திருந்தது. அந்தத் தகரம் நாளடைவில் விடியற்காலத்துத் தோட்டம்போல் ஆயிற்று. முகத்தை அவர் அதிலிருந்துதான் எடுக்கப் போகிறார் என்று நான் நம்பினேன். வண்ணம் குழைக்கும் ஆளி எண்ணெயின் மணம் வந்தால் இன்றும் ஏதோ திரும்பக் கிடைக்கப் போகிறது என்றே மனம் எழுகிறது.

அத்தைக்கு நாள் தவறாமல் கனவு வந்தது. எல்லாக் கனவிலும் அம்மா புத்தி சொன்னாள். புள்ளைய பார்த்துக்க, வேத்து மனுஷிய ஊட்டுக்குள்ள விடாத, தங்கச்சிய அனுப்பாத.

"உங்க கனவுல அந்தம்மா பேசிகினே கீறாங்க, மூஞ்சிய காட்ட மாட்டேன்றாங்களே" என்றார் படுதாக்காரர்.

"பேச்சு முக்கியமா, மூஞ்சி முக்கியமாடா?"

"எனுக்கு மூஞ்சிதாம்மா சோறு போடும்."

அத்தையைக் கொடியவராக நினைத்துவிடாதீர்கள். அவர் மாற்றாந்தாய் கையில் வளர்ந்தவர். மணிக்கட்டில் சூட்டுத் தழும்பு உண்டு. என் மீது அந்தக் கை விழக் கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு எண்ணம் இல்லை என்பதை அவர் போன பிறகுதான் உணர்ந்தேன்.

சித்தி கனவு சொல்ல வரவில்லை. "எனக்குக் கனவே வர்றதில்ல. படுத்தா விடிஞ்சிடுது" என்றார். காதும் தாடையும் ஒரு சாடைக்காகப் பார்க்க வேண்டும், சற்று உட்கார முடியுமா என்று படுதாக்காரர் கேட்டபோதும், "அக்கா எங்க அப்பா சாடை. நான் அம்மா சாடை. என்ன பார்த்தா தப்பாப் போயிடும்" என்று சொல்லிக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு ஒரே கனவு. விடியலில் மல்லிகை வரிசைகளுக்கு நடுவே அம்மா முன்னால் நடக்கிறாள். இடுப்பில் கூடை. புடவைக் கரை பனியில் நனைந்து கணுக்காலில் ஒட்டியிருக்கிறது. கொண்டை தளர்ந்து கழுத்தில் இறங்கியிருக்கிறது. நடுவில் நின்று, வலது பாதத்தால் இடது கெண்டைக்காலைத் தேய்த்துக்கொள்கிறாள். மறுபடி நடக்கிறாள். முகம் இல்லாத கனவு என்பதால் அதைச் சொல்ல வெட்கப்பட்டேன். ஆடி மாதம் ஒரு காலையில், முகம் கழுவாமல் போய்ச் சொன்னேன்.

"கூப்ட்டியா நைனா?"

"கூப்ட்டேன்."

"திரும்பலியா?"

"திரும்பல."

அவர் தகரத்தைத் தள்ளி வைத்தார். "கூடை கனமா கீது போல. எறக்கி வெச்சப்புறம் திரும்புவாங்க. வெளிச்சம் எந்தப் பக்கம்?"

"அவங்களுக்கு முன்னால."

அன்று அவர் தகரத்தில் தீற்றல் வைக்கவில்லை. படுதாத் துணியில் ஒரு சிறு துண்டு கிழித்து வேறு எதையோ தொடங்கினார்.

ஐப்பசியில் படம் முடிந்தது. கூடத்தில் நாற்காலி மேல் வைத்து வெள்ளைத் துணி மூடியிருந்தது. வெளியே மழை. துணியை அவர் எடுத்ததும் அத்தை ஓவென்று அழுதார். "வந்துட்டாளே! என் ராசாத்தி வந்துட்டாளே!" கவலைக்காரர் கைகூப்பினார். அப்பா சுவரில் கை ஊன்றிக்கொண்டார். பச்சைப் புடவை, விடியல் வெளிச்சம், சற்று மடிந்த முழங்கால். எனக்குள் முகத்தின் இடத்திலிருந்த வெளிச்சத்துக்கு மூக்கும் கண்ணும் வந்துவிட்டன, அம்மா கிடைத்துவிட்டாள்.

சித்தி ஈரக் கையைத் துடைத்தபடி வந்தார். பார்த்தார்.

"இது நான்" என்றார்.

அதன் பிறகுதான் எல்லோரும் படத்திலிருந்து அவரையும், அவரிடமிருந்து படத்தையும் பார்த்தோம். ஒரு வருடமாக எங்களுக்குச் சோறு போட்ட, எனக்குத் தலை வாரிய, கண் எதிரில் நடமாடிய முகம். கனவில் வந்த முகத்தைச் சொன்னபோதெல்லாம் எங்கள் கண்கள் குடம் சுமந்து போன சித்தியின் மீது போய்த் திரும்பின. மறந்த முகத்தின் இடத்தில் தினம் பார்த்த முகம் உட்கார்ந்துவிட்டது. நினைவுக்கு அது களவு என்று தெரியவில்லை. இன்று இதை நான் விளக்க முடிகிறது. அன்று அத்தைதான் விளக்கினார்.

"உன் ரூபத்துல வந்து நிக்கறாடி. ஒன்ன உக்கார வெக்காமயே ஒன் மூஞ்சி வந்துகீது. அவளே சொல்லிட்டா. இதுக்கு மேல இன்னா அத்தாட்சி வேணும்?"

"அம்மா, அதெல்லாம் இல்லம்மா" என்று படுதாக்காரர் பதறினார். "தப்பு என்துதான். நீங்க இவங்கள பார்த்துகினே அவங்கள சொன்னீங்க. கேட்டத நான் போட்டுட்டேன். மூஞ்ச மட்டும் அழிச்சிட்டு திரும்ப எழுதறேன். இவங்க சொல்லட்டும், இவங்க ஒருத்தருக்குத்தான் கரெக்டா தெரியுது."

"அழிப்பியா? செத்தவள இன்னொரு தபா சாவடிக்கப் பாக்கறியா?"

படுதாக்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழி தெரியாமல் அவர் தம் பையிலிருந்து அந்தச் சிறு துணியை எடுத்து விரித்தார். மல்லிகை வரிசை. கூடையோடு ஒரு பெண்ணின் முதுகு. ஒரு காலால் மறு காலைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறாள். முன்னால் எங்கோ வெளிச்சம்.

சித்தி அதைக் கையில் வாங்கினார். "அக்கா" என்றார். ஒரு வருடமாக அழாதவர் அப்போதுதான் அழுதார்.

"முதுகு காட்டிகினு போறா! வெளக்கு வெக்கற வேளையில மகாலட்சுமி ஊட்ட உட்டுப் போற மாதிரி. இத உள்ள வெப்பாங்களா?" என்றார் அத்தை.

அப்பா சுவரிலிருந்து கையை எடுத்தார். "அத எடுத்துக்கினு போயிடுப்பா. பெரிசு இருக்கட்டும்."

என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. படுதாக்காரர் அந்தத் துணியைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்து மழையில் இறங்கிப் போனார். பட்டணத்தில் ஆட்கள் திரும்பத் தொடங்கியதும் அவரும் போய்விட்டார். பின்னால் நான் தேடாத கடை இல்லை. அவர் எழுதிய படுதாக்கள் என்று தூணும் அன்னமுமாகச் சிலவற்றைக் காட்டினார்கள். முதுகு எங்கும் கிடைக்கவில்லை.

மறுநாள் தெவசம் நடந்தது. சித்தி புறப்பட வேண்டிய நாளும் வந்து போனது. கல்யாணப் பேச்சு எழுந்தபோது அவர் மறுக்கவில்லை, அதைச் சம்மதம் என்று அப்பா எடுத்துக்கொண்டார். அவரிடம் யாரும் கேட்கவே இல்லை என்பதை நான் மணமாகிப் பிள்ளை பெற்ற பின்தான் கணக்கில் கொண்டேன். தை மாதம் திருமணமான மறுநாள் தகரப் பெட்டியின் கயிறு அவிழ்ந்தது. அன்று நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். பெட்டியிலிருந்த பாடநூல்கள் ஜன்னல் பலகைக்கு வந்தன. பயிற்சிப் பள்ளிக்காக வாங்கிய கரும்பலகையில் அவர் கற்பித்த ஒரே மாணவன் நான். நான் பெற்ற பட்டங்கள் அனைத்தும் அந்தப் பலகையிலிருந்து வந்தவை.

கனவுத் தகரத்தை மாட்டுக் கொட்டகைக் கூரையின் ஓட்டையை அடைக்கத் தைத்தார்கள். வண்ணப் பக்கம் உள்நோக்கி இருந்தது. வைக்கோலில் மல்லாந்து படுத்தால் பாசிப் பச்சையும் வெல்லப் பழுப்பும் தலைக்கு மேல் தெரியும். மழைதோறும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கின. கொட்டகையை விற்றபோது அதுவும் போயிற்று.

படம் கூடத்திலேயே இருந்தது. ஒவ்வொரு ஐப்பசியிலும் சித்தி குளித்து, மாலை கட்டி, தம் முகத்துக்குத் தாமே போடுவார். உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட்டால் ஆகாது என்பது ஊர் அறிந்தது. அந்த முகத்தை ஊர் அம்மா என்றே அறிந்தது. ஒரு தடவை மட்டும், கற்பூரம் அணையும்போது, என் பக்கம் திரும்பி, "எனக்கு நானே தெவசம் குடுத்துக்கினு கீறேன் பாருடா" என்று சிரித்தார். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே குறை அது. குறைதானா என்றும் உறுதியில்லை.

அப்பா காலமான பின் ஒரு நாள் கேட்டேன்: "படத்தை எடுத்துடலாமா சித்தி?"

"இருக்கட்டும்டா. பத்தொம்பது வயசுல நான் இன்னா அழகா இருந்திருக்கேன் பாரு. உங்கப்பா பார்த்ததேயில்ல."

சென்ற மாதம், தொண்ணூறு தாண்டிய வயதில், அவர் காலமானார். துக்கத்துக்கு வந்தவர்கள் வைக்கப் படம் தேடினார்கள். என் பேத்தி கூடத்துச் சுவரைக் காட்டி, "அதுதான் இருக்கே, பாட்டி படம்" என்றாள். கீழிறக்கி வைத்தோம். தவறு திருந்திவிட்டது, சரியான ஆளுக்குச் சரியான படம் அமைந்தது. அன்று முதல் என் அம்மாவுக்குப் படம் இல்லை.

கனவு இன்னும் வருகிறது. பனியில் நனைந்த கரை, கூடை, தேய்க்கும் கால். சித்தி இதுவரை வரவில்லை.

செய்யாமல் கிடப்பவை:

படத்தின் அடியில் மஞ்சள் எழுத்தில் அம்மாவின் பெயர் இருக்கிறது. மாற்றுவதா, விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

காட்டுப்பாக்கத்தில் படுதாக்காரரின் மாமனார் வழியில் யாராவது இருந்தால் இன்னொரு முறை கேட்க வேண்டும். சிறிய துணி, பூந்தோட்டம், முதுகு.

தகரப் பெட்டியையும் கரும்பலகையையும் யாரிடம் ஒப்படைப்பது என்று யோசிக்க வேண்டும்.

ஐப்பசி வருகிறது. படத்துக்கு மாலை கட்ட வேண்டும். நூலை எவ்வளவு நீளம் விட வேண்டும் என்று சித்திக்குத்தான் தெரியும்.